மஸில் பிரேக் போட்டால் தோள் தப்பிக்குது, காது போகுது. என்ன வழி?

நண்டு_ஏலம்_தொண்டி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திட்டுவதற்கு முன்னால் முழுசாகப் படித்துவிடுங்கள், இது நம் ஊர்ப்பக்கத்து வேட்டை இல்லை. என் தாய்மாமா மகன் நியூசிலாந்தில் இருக்கிறான். துப்பாக்கி லைசென்ஸ், காட்டுக்குள் போக அனுமதிச் சீட்டு எல்லாம் முறைப்படி வைத்திருக்கிறான். போன ஏப்ரலில் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது என்னையும் மான் வேட்டைக்குக் கூட்டிப்போனான். லைசென்ஸ் உள்ளவர் பக்கத்திலேயே இருந்து கண்காணித்தால் மற்றவரும் அங்கே சுடலாமாம்.

துப்பாக்கி 308 என்ற தோட்டா போடுவது, ஒவ்வொரு தடவையும் கையால் தாழ்ப்பாளை இழுத்துத் தோட்டா ஏற்றுகிற போல்ட் ஆக்‌ஷன். மலை ஏறுவதற்கென்றே எடை குறைத்துச் செய்தது, தோளில் வைக்கிற கட்டைகூட மரம் இல்லை, பிளாஸ்டிக். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைப்பதைக் குறைக்கக் குழல் முனையில் மஸில் பிரேக் என்று ஒன்றைத் திருகியிருந்தான், பக்கவாட்டில் ஓட்டை ஓட்டையாக இருக்கும். முதல் நாள் சுட்டுப் பழகுகிற ரேஞ்சில், காதை மூடுகிற மஃப் மாட்டிக்கொண்டு பத்துத் தோட்டா சுட்டேன், உதை பெரிதாகத் தெரியவில்லை, இவ்வளவுதானா என்று நினைத்தேன். வினை மறுநாள்தான் வந்தது. அந்தப் பருவத்தில் கிடா மான் அடித்தொண்டையில் கத்தும், அதைக் கேட்டுத்தான் திசை பிடிக்க வேண்டும். மஃப் போட்டால் ஒன்றும் கேட்கவில்லை என்று கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். மான் தென்பட்டதும் மச்சான் சட்டென்று படுத்துச் சுட்டுவிட்டான். நான் அவனுக்கு இடப்பக்கம் ஒரு கை தூரத்தில் படுத்திருந்தேன். கன்னத்தில் யாரோ அறைந்த மாதிரி காற்று வந்து அடித்தது. அப்புறம் ஒரு மணி நேரம் அவன் பேசினதெல்லாம் பஞ்சுமூட்டைக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது, ‘ஙொய்’ என்று காதுக்குள் ஒரு சத்தம், மூன்று நாள் நிற்கவே இல்லை.

மாதங்கள் ஆகிவிட்டன, ராத்திரி ஊர் அடங்கினதும் அந்த ரீங்காரம் மெலிசாக இன்னும் கேட்கிறது. போன வாரம் கரையில் ஏலம் நடக்கும்போது கிலோ ‘அறுபது’ என்றதை ‘எழுபது’ என்று எடுத்துக்கொண்டு மேலே கேட்டுவிட்டேன், எல்லோரும் சிரித்தார்கள். நண்டு விலையில் பத்து ரூபாய் சிரிப்புக் காரியமில்லை.

சரி, பிரேக்கைக் கழற்றிவிட்டும் சுட்டுப் பார்த்தேன். மூன்றாவது தோட்டாவில் தோள் கன்றிவிட்டது, நாலாவதில் விசையை இழுப்பதற்கு முன்பே கண் மூடிக்கொண்டது, குறி எங்கேயோ போய்விட்டது. வரும் ஏப்ரலில் மறுபடியும் கூப்பிடுகிறான். உதையும் குறையணும், காதும் மிஞ்சணும். பஞ்சு வைத்துக்கொண்டால் போதுமா, இல்லை வேறு ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கண்மாய்க்கரையான் எழுதியது:

வேட்டை என்ற சொல்லைப் பார்த்ததும் சண்டைக்குத்தான் வந்தேன். வெளிநாட்டுக் கதை என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டதால் தப்பித்தீர்கள். இருந்தாலும் இதைப் படிக்கிற நம்ம ஊர்ப் பயல்களுக்காக ஒன்று. இங்கே 1972ஆம் வருஷத்து வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கருவேலங்காட்டு முயலும் கவுதாரியும் புள்ளிமானும் அதற்குள் வரும், கண்மாய்க்கு வருகிற நாரையும் வரும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைச் சரணாலயங்கள் 2022இல் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலிலேயே ஏறிவிட்டன, அங்கே போய் எவனாவது வேட்டு வெடித்தான் என்றால் ஊரே பிடித்துக் கொடுக்கும். பக்கத்து சிவகங்கையில் வேட்டங்குடிப் பக்கம் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி போடாத ஊர்கள் இருக்கின்றன.

பன்றி பயிரை அழிக்கிறது என்று கிளம்புவார்கள், அதற்கும் சொல்கிறேன். காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியைச் சுடலாம் என்று 2025இல் அரசு சொன்னது வனத்துறை ஆட்களுக்குத்தான், நமக்கு இல்லை.

உங்கள் காது சமாசாரம் எனக்குத் தெரியாது. ஆனால் மூன்று நாள் இரைச்சலுக்கு உடனே டாக்டரிடம் போகாமல் ஏலத்துக்குப் போன ஆள் நீங்கள்தான்.

---

ஓய்வு_ஹவில்தார் எழுதியது:

தம்பி, முதுகுளத்தூர்ப் பக்கம் எனக்கு. பட்டாளத்தில் எஸ்.எல்.ஆர். என்ற ராணுவ ரைஃபிள் வைத்துப் பழகியவன், அதுவும் 7.62 தோட்டாதான், உன் 308க்கு ஒட்டிப்பிறந்த தம்பி. ஆனால் எஸ்.எல்.ஆர். நாலு கிலோவுக்கு மேலே, தோட்டா வெடித்து வருகிற கேஸில், அதாவது வாயுவில், கொஞ்சத்தை எடுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுகிற தன் வேலைக்கே பயன்படுத்திக்கொள்ளும், அதனால் உதை ஒரேயடியாக வராமல் தள்ளுவது மாதிரி வரும். உன் மச்சான் எடையைக் குறைத்துக் குறைத்து மூன்று கிலோவுக்குக் கீழே கொண்டுவந்திருப்பான், அதுதான் அறைகிறது.

உனக்கு உன் தொழிலிலேயே சொல்கிறேன். வள்ளத்திலிருந்து கரைக்குத் தாவும்போது வள்ளம் பின்னால் போகும் அல்லவா. சின்ன வள்ளம் என்றால் சறுக்கென்று ஓடும், கனத்த விசைப்படகு அசைவது கூடத் தெரியாது. துப்பாக்கிதான் வள்ளம், தோட்டா தாவுகிற ஆள். அதே தோட்டாவுக்குத் துப்பாக்கி எடையை 2.7 கிலோவிலிருந்து 3.6 ஆக்கினால் உதையின் சக்தியில் நாலில் ஒரு பங்கு போய்விடும். மலை ஏறுகிறவனுக்கு ஒரு கிலோ பெரிய விஷயம்தான், ஆனால் குறி தப்பிக் காயத்தோடு ஓடுகிற மானைத் தேடி மலை மலையாக அலைவது அதைவிடப் பெரிய விஷயம்.

அடுத்தது கட்டை. முழங்கையை மடக்கி அதன் மடிப்பில் கட்டையின் அடியை வை, ஆள்காட்டி விரல் விசையில் இயல்பாக விழ வேண்டும். வெள்ளைக்கார உடம்புக்கு அளவெடுத்த கட்டை நம் ஆளுக்கு நீளமாக இருக்கும், தோளின் குழியில் உட்காராமல் புஜத்து எலும்பில் போய் நிற்கும், கன்றினது அங்கேதானே? அங்கே குளிருக்குக் கெட்டிக் கோட்டு வேறு போட்டிருப்பாய், அது இன்னும் நீளத்தைக் கூட்டும். கட்டையைக் குறைத்து நல்ல ரப்பர் பேட் வைக்கச் சொல். இறுக்கிப் பிடி, பிடிக்காமல் இடைவெளி விட்டால் துப்பாக்கி வேகமெடுத்து வந்து குத்தும். கன்னம் கட்டையோடு ஒட்டியிருக்கட்டும். படுத்துச் சுடும்போது உடம்பு பின்னால் அசைய இடமே இருக்காது, உட்கார்ந்தோ நின்றோ சுட்டால் உடம்பும் கூடச் சேர்ந்து போய் உதையை வாங்கிக்கொள்ளும். குறி பார்க்கிற ஸ்கோப்பைக் கண்ணுக்கு ரொம்பக் கிட்டே வைக்காதே, புருவத்துக்கு மேல் பிறை மாதிரி வெட்டுப் பட்டு வந்த ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கண் மூடுகிற வியாதிக்கு மருந்து ஒன்றுதான். மச்சானை விட்டுத் தோட்டா போடச் சொல், சிலதில் நிஜத் தோட்டா, சிலதில் வெறும் டம்மி, எது எப்போது வரும் என்று உனக்குத் தெரியக்கூடாது. டம்மி விழுகிறபோது துப்பாக்கி முனை கீழே குத்தினால் நீ பயப்படுகிறாய் என்று உனக்கே தெரியும். அப்புறம் 22 என்ற சின்னத் தோட்டா போடுகிற துப்பாக்கியில் நூறு தோட்டா சுடு, உதையே இல்லாததில் கை பழகட்டும்.

காதுக்கு நாங்கள் அந்தக் காலத்தில் பஞ்சை எண்ணெயில் நனைத்து வைத்துக்கொள்வோம். அது போதும், ரொம்பக் கவலைப்படாதே.

---

ஒலிமானி எழுதியது:

ஐயா, உங்கள் வயதுக்கும் சர்வீசுக்கும் மரியாதை. ஆனால் கடைசிப் பத்தியை யாரும் கேட்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நான் காது பரிசோதனை செய்கிற வேலையில் இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் மண்டபம், பாம்பன் பக்கத்து விசைப்படகு டிரைவர்கள் நிறைய. எஞ்சின் பக்கத்திலேயே வருஷக்கணக்கில் உட்கார்ந்து காது போனவர்கள். அவர்களிலும் பாதிப்பேர் பஞ்சு வைத்தவர்கள்தான். பஞ்சு தண்ணீரைத் தடுக்கும், சத்தத்தை அல்ல.

தொண்டி அண்ணனுக்கு ஒரு கேள்வி. இரைச்சல் வலது காதில்தானே அதிகம்? நீங்கள் சுட்டவருக்கு இடப்பக்கம் படுத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் குழல் முனை உங்கள் வலது காதைப் பார்த்திருக்கும். ஹவில்தார் ஐயாவுக்கோ, வலது தோளில் வைத்துச் சுடுகிறவர் என்றால், இடது காது மங்கியிருக்க வேண்டும். வலது காதைத் தலையே மறைத்துக்கொள்ளும், இடது காதுதான் முனைப் பக்கம் திரும்பியிருக்கும்.

இப்போது சத்தத்துக்கு வருகிறேன். ஆலையில் எட்டு மணி நேரம் 85 டெசிபல் என்பதுதான் எல்லை என்று வைத்திருக்கிறார்கள். துப்பாக்கி மாதிரி ஒரு நொடிக்கும் குறைவாக வந்துபோகிற சத்தத்துக்கு 140 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பார்கள். மான் வேட்டை ரைஃபிள் 160ஐயும் தாண்டும். டெசிபல் கணக்கு நண்டு எடை மாதிரி கூட்டிக்கொண்டே போகிற கணக்கு இல்லை, பத்து ஏறினால் சக்தி பத்து மடங்கு, இருபது ஏறினால் நூறு மடங்கு. மஸில் பிரேக் என்ன செய்கிறது என்றால், முன்னால் போக வேண்டிய கேஸைப் பக்கத்திலும் பின்னாலும் திருப்பிவிடுகிறது. அதனால் தோளுக்கு உதை குறைகிறது, அதே கேஸ் சத்தத்தையும் தூக்கிக்கொண்டு சுடுகிறவர் காதுக்கும் பக்கத்தில் இருப்பவர் காதுக்கும் வருகிறது. ஐந்திலிருந்து பத்து டெசிபல் வரை கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கன்னத்தில் அறைந்த காற்று அதுதான்.

உள்காதில் முடி போல நுண்ணிய செல்கள் இருக்கின்றன, நமக்குப் பிறக்கும்போது கிடைத்ததுதான் கடைசி வரை, செத்தால் திரும்ப முளைக்காது. தோளில் கன்றினது ஒரு வாரத்தில் மஞ்சளாகி மறைந்துவிடும், இது அப்படி இல்லை. வெடிச் சத்தத்தில் முதலில் சாவது 4000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்துச் செல்கள். ஆடியோகிராம் என்கிற காது பரிசோதனை வரைபடத்தில் அந்த இடத்தில் மட்டும் கோடு பள்ளமாக இறங்கும். பேச்சின் சத்தம் கேட்கும், ஆனால் ச, ஸ, த, ப மாதிரி மெல்லிய எழுத்துகள் தேய்ந்துவிடும், கூட்டத்தில் ஒருவர் சொல்வது பிடிபடாது. அதனால்தான் வீட்டில் எல்லாம் கேட்கிறது, ஏலத்தில் மட்டும் தடுமாறுகிறது. பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அடுத்த முறை யாருக்கானாலும் சத்தத்துக்குப் பிறகு காது அடைத்து மறுநாளும் தெளியவில்லை என்றால் நாள் கடத்தாமல் ஈ.என்.டி. டாக்டரிடம் போக வேண்டும், முதல் சில நாட்களில்தான் மருந்துக்கு வேலை உண்டு.

காப்பு என்ன என்று கேட்டீர்கள். காதுக்குள் சொருகுகிற நுரை பிளக்கையும் மஃப்பையும் சேர்த்துப் போடுங்கள். ரேஞ்சில் இரண்டும் கட்டாயம். பிளக்கை நம் ஆட்கள் வைக்கிற விதத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும், காதின் வாசலில் சொருகிவிட்டுக் கையை எடுத்துவிடுவார்கள். நன்றாக உருட்டி மெல்லிசாக்கி, மறு கையால் தலைக்கு மேலே சுற்றிக் காதை மேலேயும் பின்னாலேயும் இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே விட வேண்டும், அது விரியும் வரை அரை நிமிஷம் விரலால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். சரியாக உட்கார்ந்தால் உங்கள் குரலே உங்களுக்குக் குடத்துக்குள் பேசுவது மாதிரி கேட்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் எத்தனை டெசிபல் குறைக்கும் என்று இரண்டின் மேலும் எழுதியிருக்கிற எண்ணைக் கூட்டிவிடக் கூடாது. பெரிய எண்ணுக்கு மேல் ஒரு ஐந்து டெசிபல்தான் கிடைக்கும். அதற்கு மேல் எலும்பு வழியாகவே சத்தம் உள்ளே போய்விடும். மூக்குக்கண்ணாடிக் கம்பியும் அடர்ந்த கிருதாவும் மஃப்பில் இடைவெளி உண்டாக்கும், கட்டையில் கன்னத்தை வைக்கும்போது தடித்த மஃப் இடித்து விலகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

ஓய்வு_ஹவில்தார் எழுதியது:

அம்மா, நீ ஜோசியம் பார்க்கிறாயா? இடது காதுதான். வீட்டுக்காரி எப்போதும் வலப்பக்கமே உட்காருவாள், கோயில் விழாவில் அதிர்வேட்டு போட்டால்கூட எனக்கு ஒரு பக்கம்தான் அதிரும். பஞ்சு விஷயத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மற்றதெல்லாம் நிற்கிறது.

---

கீவி_காக்கா எழுதியது:

கீழக்கரைக்காரன், பதினாலு வருஷமாக ஆக்லாந்தில். மச்சான் கதையைப் படித்ததும் சிரித்துவிட்டேன், ஏனென்றால் இங்கே மஸில் பிரேக்கோடு காட்டுக்கு வருகிறவனைப் பார்த்தால் கூட வருகிறவர்கள் நாலு அடி தள்ளித்தான் படுப்போம். உங்கள் மச்சானுக்கு நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்: பிரேக்கைக் கழற்றிவிட்டு அதே திருகில் சப்ரஸர் போடட்டும். அதாவது நம் ஊரில் சைலன்சர் என்பது. நியூசிலாந்தில் அதற்குத் தனி அனுமதியே வேண்டாம், துப்பாக்கிக் கடையில் தொங்கும், ஒவ்வொருவனும் வாங்குவான். பக்கத்து வீட்டுக்காரனுக்கும் மாட்டுக்காரனுக்கும் தொந்தரவு இல்லாமல் இருப்பதே இங்கே மரியாதை.

படத்தில் வருவது மாதிரி ‘ப்ஸ்ஸ்’ என்று வராது, அதை மறந்துவிடுங்கள். 308 தோட்டா நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் போகிறது, ஒலியின் வேகம் 340 சொச்சம்தான், ஆகவே தோட்டா காற்றைக் கிழிக்கிற ‘டக்’ என்ற சத்தம் எதைப் போட்டாலும் இருக்கும். முனையில் வெடிக்கிற சத்தத்தைத்தான் சப்ரஸர் அடக்குகிறது, இருபதிலிருந்து முப்பது டெசிபல் வரை. அதாவது 165 என்பது 140 பக்கம் இறங்கி நிற்கும். எல்லைக் கோட்டில் நிற்கிறது, அதற்குள் இல்லை. ஆகவே சப்ரஸர் போட்டாலும் நான் காதுக்கு ஏதாவது போடாமல் சுட மாட்டேன். ஒலிமானி லாத்தா சொன்னால் திருத்திக்கொள்கிறேன்.

உதைக்கும் இது உதவும். தோட்டா கிட்டத்தட்ட 10 கிராம், அதிலுள்ள வெடிமருந்து மூன்று கிராமுக்குள், ஆனால் அந்த மருந்து கேஸாகிக் குழலை விட்டு வெளியே பாய்கிற வேகம் தோட்டாவைவிடக் கூடுதல், அதனால் மொத்த உதையில் மூன்றில் ஒரு பங்கு அந்தக் கேஸினால்தான். பிரேக் அந்தக் கேஸைப் பின்பக்கம் திருப்புகிறது, சப்ரஸர் அதைப் பிடித்து அறை அறையாகச் சுற்றவிட்டு மெதுவாக அனுப்புகிறது. பிரேக் அளவுக்கு உதை குறையாது, ஆனால் முனையில் நானூறு கிராம் கூடுவதும் சேர்ந்து வேலை செய்யும், முன்பக்கம் கனத்தால் குழல் மேலே துள்ளாது. குறை என்றால் நீளம். புதரில் மாட்டும். அதற்காகச் சிலர் குழலைக் கொஞ்சம் வெட்டிக்கொள்கிறார்கள், இருபது அங்குலத்துக்குக் கீழே போனால் வேகமும் குறையும், முனைச் சத்தமும் கூடும், ஆகவே அளவோடு.

கூடவே ஒரு யோசனை, ஹவில்தார் ஐயா மன்னிக்கணும். உங்களுக்கு 308 எதற்கு? உங்களுக்கு வேண்டியது மான் கறி, மலையை உடைப்பது இல்லை. 243 என்ற சின்னத் தோட்டா போதும், அதன் உதை 308ல் பாதிதான், இங்கே எத்தனையோ பேர் பிள்ளைகளுக்கு அதில்தான் முதல் மான் காட்டுகிறார்கள். ரெட் மானின் பெரிய கிடாவுக்குக் கொஞ்சம் கனமாக வேண்டும் என்றால் 7எம்எம்-08 அல்லது 6.5 கிரீட்மூர், இரண்டும் 308ஐவிடச் சாந்தம். இங்கே யாரும் தோட்டாவின் பருமனுக்கு மாலை போட மாட்டார்கள். மான் இந்த நாட்டுப் பிராணியே இல்லை, வௌவாலைத் தவிர நிலத்தில் வாழ்கிற பாலூட்டி எதுவும் இங்கே சொந்தமாகக் கிடையாது, வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விட்டது, இப்போது காட்டைத் தின்கிறது என்று அரசாங்கமே சுடச் சொல்கிறது. கண்மாய்க்கரையான் அண்ணன் கோபம் நம் ஊருக்குச் சரி, இங்கே கணக்கு வேறு.

காதில் மஃப் போட்டால் மான் கத்துவது கேட்கவில்லை என்றீர்கள். அதற்குத்தான் எலெக்ட்ரானிக் மஃப். வெளியே சின்ன மைக் இருக்கும், மெல்லிய சத்தத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கும், பெரிய சத்தம் வந்தால் அந்த நொடியே அடைத்துவிடும். போட்டுக்கொண்டு நடந்தால் வெறும் காதைவிட நன்றாகக் கேட்கும், இலை மிதிபடுவது கூட. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முழுக்கக் கிடா கத்துகிற சமயத்தில் நான் அதைக் கழற்றுவதே இல்லை. காற்று அடித்தால் மைக்கில் ‘ஸ்ஸ்’ என்று இரையும், அது ஒன்றுதான் எரிச்சல். பேட்டரி ஒரு ஜோடி கூடுதலாகப் பையில் வையுங்கள்.

இன்னொன்று, இது முக்கியம். கத்துகிற சத்தத்தைக் கேட்டு அந்தப் பக்கம் சுடக் கூடாது. இங்கே மான் மாதிரி கொம்பு ஊதி ஏமாற்றுகிற வேட்டைக்காரனும் காட்டில் இருப்பான். முழு மானும் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் விசையில் விரல்.

---

தாத்தாவின்_இரட்டைக்குழல் எழுதியது:

திரிக்கு நடுவில் நுழைகிறேன். திருப்பாலைக்குடிப் பக்கம் தோட்டம். பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் தாத்தா காலத்து 12 போர் இரட்டைக்குழல் இருக்கிறது, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் வைப்பதும் திரும்ப வாங்குவதும்தான் அதற்கு வேலை. எதையும் சுடுவதில்லை, வருஷத்துக்கு இரண்டு முறை ரைஃபிள் கிளப்பில் பறக்கவிடுகிற மண் தட்டைச் சுடுவேன், ஆனால் கழுதை உதைத்த மாதிரி உதைக்கிறது. அதற்கும் இந்த சைலன்சர் கிடைக்குமா?

---

ஓய்வு_ஹவில்தார் எழுதியது:

கிடைக்காது, தேடவும் தேடாதே. சத்தத்தை அடக்குகிற கருவி நம் நாட்டு ஆயுதச் சட்ட விதிகளில் தடை செய்த பட்டியலில் இருக்கிறது, லைசென்ஸ் உள்ளவனுக்கும் சேர்த்து.

உனக்கு வேறு பிரச்சினை இருக்கும். தாத்தா காலத்துச் சீமைத் துப்பாக்கி என்றால் தோட்டா அறையின் நீளம் 65 மில்லிமீட்டராக இருக்கலாம், இப்போது கடையில் கிடைக்கிறது 70. உள்ளே போய்விடும், ஆனால் சுடும்போது தோட்டாவின் மடித்த வாய் முழுசாக விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும், உதை அதனாலும் இருக்கலாம். உதை மட்டும் என்றால் பரவாயில்லை, குழல் கிழிந்தால் கை போகும். குழலின் அடியில் அடித்திருக்கிற முத்திரையைத் தெரிந்த ஆயுதக் கடைக்காரரிடம் காட்டி அளந்து பார். அளவு சரியாக இருந்தால் அப்புறம் குறைந்த ஈயம் உள்ள தோட்டா வாங்கு. ஒலிம்பிக்கிலேயே 24 கிராம் ஈயத்தில்தான் தட்டு உடைக்கிறார்கள், உனக்கு 32 எதற்கு.

---

ஒலிமானி எழுதியது:

கீவி காக்கா சொன்னதில் திருத்த ஒன்றும் இல்லை. சப்ரஸரோடு பிளக்கோ மஃப்போ ஒன்று போட்டால் நல்ல கூட்டு. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், எலெக்ட்ரானிக் மஃப் அடைத்துக்கொண்டாலும் அடிப்படையில் அது ஒரு மஃப்தான், அதன் மேல் எழுதியிருக்கிற எண்ணைப் பார்த்து வாங்குங்கள், வெறும் கேட்கிற வசதிக்காக மட்டும் வாங்காதீர்கள். கீழே நுரை பிளக் வைத்து மேலே இந்த மஃப்பைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தால் பேச்சும் கேட்கும், காப்பும் இரட்டையாகும். ரேஞ்சில் இதைச் செய்யுங்கள்.

12 போர் அண்ணனுக்கு: அதுவும் 150ஐத் தாண்டும். வருஷத்துக்கு இரண்டு நாள்தானே என்று வெறும் காதோடு நிற்காதீர்கள், ஒரே ஒரு வெடிக்குக் காது போனவர்களும் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

---

நண்டு_ஏலம்_தொண்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, தாமதத்துக்கு மன்னிக்கணும், காற்று ஓய்ந்து படகெல்லாம் கடலுக்குப் போய்விட்டன, நண்டு குவிகிறது, மூச்சுவிட நேரமில்லை.

ராமநாதபுரம் போய் ஆடியோகிராம் எடுத்துவிட்டேன். ஒலிமானி சொன்னது அப்படியே. வலது காதில் 4000இல் கோடு கிணறு மாதிரி இறங்கியிருக்கிறது, இடது காது சுமார். டாக்டர் இது இனிமேல் ஏறாது, இறங்காமல் பார்த்துக்கொள் என்றார். இரைச்சலுக்கு ராத்திரி ஃபேன் போட்டுப் படுக்கச் சொன்னார், அது வேலை செய்கிறது, வெளிச் சத்தம் இருந்தால் உள் சத்தம் அமுங்குகிறது.

மச்சானிடம் பேசினேன். பிரேக்கைப் பிள்ளையைப் பிரிகிற மாதிரிக் கழற்றினான். காசு கொடுத்து வாங்கியதாம், குறி துல்லியமாம், நூறு காரணம் சொன்னான். “உன் இடது காதை ஒரு தடவை சோதித்துப் பார், அப்புறம் பேசலாம்” என்றேன், போனை வைத்துவிட்டான். இரண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்டு சப்ரஸர் சொல்லிவிட்டதாகவும், அவன் நண்பனின் 7எம்எம்-08ஐ எனக்காகக் கேட்டு வைத்திருப்பதாகவும் சொன்னான். சோதனையில் என்ன வந்தது என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கட்டை நீளத்தை என் முழங்கைக்கு அளந்து அனுப்பச் சொன்னான், பதிமூன்று அங்குலம் வந்தது. அதற்கு மேலே கோட்டுத் தடிமன்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. சப்ரஸரைக் கழற்றி ஞாபகத்துக்காக ஊருக்குக் கொண்டுவரலாமா என்று தம்பி கேட்கிறான்.

---

கீவி_காக்கா எழுதியது:

தம்பியை ஏர்போர்ட்டுக்கே அனுப்பாதீர்கள். சப்ரஸர் மட்டுமில்லை, வேட்டைக்குப் போட்ட பேன்ட் பையிலும் முதுகுப்பையின் மூலையிலும் கையை விட்டு ஒவ்வொரு முறையும் தேடிப் பாருங்கள். மறந்துபோன ஒரே ஒரு தோட்டா சென்னை ஸ்கேனரில் தெரிந்தாலும் ஆயுதச் சட்ட வழக்குதான். வரும்போது எனக்குக் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு கொண்டுவரலாம் என்று பார்த்தால் அதையும் இங்கே கஸ்டம்ஸில் எழுதிக் காட்டியாகணும், மறைத்தால் அபராதம்.

---

நண்டு_ஏலம்_தொண்டி எழுதியது:

கருவாட்டை எழுதிக் காட்டியே கொண்டுவருகிறேன் காக்கா. இப்போதெல்லாம் ஏலத்தில் கூவுகிறவருக்கு இடது காதைக் காட்டி நிற்கிறேன். இன்று ‘எழுபது’ என்றதற்கு எழுபதுதான் கொடுத்தேன்.